குபர்நெட்டீஸில் மூன்றாவது பாட் பெண்டிங்கிலேயே நிற்பது: காரணமும் தீர்வும்

வணக்கம். குபர்நெட்டீஸில் (கண்டெய்னர் செயலிகளை இயக்கி நிர்வகிக்கும் மென்பொருள்), அமேசானின் மேகக்கணிச் சேவையான ஏடபிள்யூஎஸ் சிங்கப்பூர் வட்டாரத்தின் மூன்று மண்டலங்களிலும் மண்டலத்துக்கு ஒரு நோட் (பாட்கள் ஓடும் கணினி) இருந்தும், கிளவுட்நேட்டிவ்பிஜி ஆபரேட்டர் (போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைத் தானாக நிர்வகிக்கும் கருவி) உருவாக்கும் போஸ்ட்கிரெஸ் கிளஸ்டரின் மூன்றாவது பாட் (தரவுத்தளத்தின் ஒரு பிரதி ஓடும் அலகு) மட்டும் எந்த நோடிலும் இடம் கிடைக்காமல் பெண்டிங்கிலேயே நிற்பதாகவும், 'வால்யூம் நோட் அஃபினிட்டி கான்ஃப்ளிக்ட்' (வட்டும் நோடும் பொருந்தவில்லை) என்ற செய்தி வருவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

பழுது ஆபரேட்டரில் இல்லை. உங்கள் ஸ்டோரேஜ் கிளாஸில் (வட்டு எப்படி உருவாக வேண்டும் என்ற வரையறை) வால்யூம் பைண்டிங் மோட், அதாவது வட்டு எப்போது உருவாக வேண்டும் என்ற அமைப்பு, 'இமீடியட்' (உடனே) என்றிருப்பதால், பாட் எந்த நோடுக்குப் போகும் என்று முடிவாகும் முன்பே இபிஎஸ் வட்டு (ஏடபிள்யூஎஸ்ஸின் சேமிப்பு வட்டு) ஏதோ ஒரு மண்டலத்தில் உருவாகிவிடுகிறது. அது முதல் பாட் இருக்கும் மண்டலமாக அமைந்துவிட்டால், நீங்கள் 'ரிக்வயர்ட்' (கட்டாயம்) என்று வைத்திருக்கும் ஆன்ட்டி அஃபினிட்டி (ஒரே நோடில் இரு பிரதிகள் கூடாது என்ற விதி) அந்த நோடை மறுக்கும். வேறு மண்டலங்களில் இருக்கும் மற்ற இரு நோடுகளுக்கோ அந்த வட்டு எட்டாது.

'வெயிட் ஃபார் ஃபர்ஸ்ட் கன்ஸ்யூமர்' (பாட்டின் நோட் முடிவாகும் வரை வட்டை உருவாக்காமல் காத்திரு) என்ற மதிப்புடன் புதிய ஸ்டோரேஜ் கிளாஸ் ஒன்றை உருவாக்குங்கள். பழையதில் அந்தப் புலத்தைத் திருத்த முடியாது. கிளஸ்டர் வரையறையில் புதிய பெயரைக் கொடுத்தபின், சிக்கிய பாடையும் அதன் பிவிசியையும் (பாடுக்கான வட்டைக் கோரும் பதிவு) நீக்கினால், ஆபரேட்டரே முதன்மைத் தரவுத்தளத்திலிருந்து தரவை நகலெடுத்துப் புதிய பிரதியை எழுப்பும். நீக்குமுன் பெயரை இருமுறை சரிபாருங்கள். முதன்மையின் பிவிசியில் கை வைத்துவிட்டு, அதைச் சரிசெய்வதில் கடைசி எம்ஆர்டி ரயிலையும் தவறவிட்டவன் நான்.

ஆன்ட்டி அஃபினிட்டியை 'பிரிஃபர்ட்' (முடிந்தவரை) என்று தளர்த்தினாலும் பாட் எழும்பும்தான், ஆனால் ஒரே நோடில் இரு பிரதிகள் அமர்ந்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.