மருமகன் கம்ப்யூட்டர் பாக்கப் போறார், அதுக்கும் மிஷனரின்னு பேரா?

கேள்வி: சகோதரிக்கு ஸ்தோத்திரம். என் மகளும் மருமகனும் சிங்கப்பூர்ல இருக்காங்க. மருமகனுக்கு ஐடி கம்பெனில நல்ல வேலை. அதை ரிசைன் பண்ணிட்டு பாப்புவா நியூகினில உக்காரும்பான்னு ஒரு ஊருக்குப் போறாங்களாம், அங்க பைபிள் மொழிபெயர்ப்பு சென்டர் இருக்காம். பேரனுக்கு 9 வயசு, பேத்திக்கு 6. மொழிபெயர்க்கப் போறார்னா கூட நாலு பேர்ட்ட பெருமையா சொல்லலாம், இவர் போறது கம்ப்யூட்டர் நெட்வொர்க் பாத்துக்க. அதுக்கு சம்பளமும் கிடையாதாம், மாசாமாசம் தாங்கன்னு சபை சபையா போய் கேக்கணுமாம். என் நாத்தனார் வீட்டுக்கே லெட்டர் அனுப்பிட்டார், எனக்கு மானம் போகுது. அங்க கொள்ளை, சண்டைன்னு யூடியூப்ல வேற பாத்தேன். பிள்ளைங்க படிப்பு என்ன ஆகும்? எனக்கு முடியாம போச்சுன்னா யார் வருவா? ஊழியத்தைத் தடுத்த பாவம் வேண்டாம்னுதான் வாயைத் திறக்காம இருக்கேன். மசாலா பொடியாவது குடுத்து விடலாமா?
பெயர் வேண்டாம், நாகர்கோவில்.

பதில்:

நாகர்கோவில் அக்காவுக்கு ஸ்தோத்திரம். லெட்டரைப் படிச்சதும் தோணினதை முதல்ல சொல்லிடுறேன். நீங்க கொள்ளை பத்தி எழுதினது ஒரு வரி, நாத்தனார் வீட்டுக்கு லெட்டர் போனது பத்தி எழுதினதுலதான் சூடு தெரியுது. அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம்ம வீட்டு அலமாரில இருக்குற தமிழ் பைபிள் எப்படி வந்துச்சுன்னு கேட்டா சண்டே ஸ்கூல் பிள்ளை கூட சீகன்பால்கு ஐயர்னு சொல்லும், 1706ல தரங்கம்பாடில வந்து இறங்கினார், 1711ல புதிய ஏற்பாட்டை முடிச்சார்னு ஒப்பிக்கும். சரி, முடிச்சுட்டார், கையெழுத்துப் பிரதிய வச்சு எத்தனை பேர் படிப்பாங்க? லண்டன்ல இருந்து எஸ்பிசிகேன்னு ஒரு கிறிஸ்தவ சங்கம் ஒரு பிரஸ் அனுப்பினாங்க, கூட வந்த பிரிண்டர் வழியிலயே இறந்துட்டார். பிரஸ் வந்துச்சு, தமிழ் எழுத்து இல்ல. 1713ல ஜெர்மனி ஹாலேல இருந்து தமிழ் அச்சோட யோஹான் ஆட்லர்னு ஒருத்தர் வந்தார், அந்த எழுத்து ரொம்பப் பெருசா இருந்துச்சு, அதை வச்சு அடிச்சா பேப்பர் தாங்காதுன்னு இவர் பொறையார்ல உக்காந்து சின்ன எழுத்தா மறுபடி வார்த்தார், அதுக்கப்புறம்தான் 1714ல சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715க்குள்ள புதிய ஏற்பாடு முழுசும் அச்சாச்சு. அந்த ஆட்லர் ஒரு வசனம் கூட மொழிபெயர்க்கல. அவரைப் பத்தி எந்தப் பிரசங்கத்துலயும் நான் கேட்டதில்ல, நீங்களும் கேட்டிருக்க மாட்டீங்க. உங்க மருமகன் செய்யப் போறது அவர் செஞ்ச வேலை.

லெட்டர் விஷயத்துக்கும் இதே தரங்கம்பாடி கதைலதான் பதில் இருக்கு. சீகன்பால்கு கூட்டத்துக்கு டென்மார்க் ராஜா கொஞ்சம் பணம் குடுத்தார், அது பத்தல. அதனால அவங்க எழுதின லெட்டரையெல்லாம் ஹாலேல 1710ல இருந்து புஸ்தகமாவே அச்சடிச்சு விட்டாங்க, அதைப் படிச்சுட்டுதான் ஜெர்மனில இருக்குறவங்க காசு அனுப்பினாங்க. உங்க மருமகன் அனுப்பின ஜெபக்கடிதத்துக்கு முந்நூறு வருஷத்துக்கு மேல வயசு அக்கா, அதை வாங்கிப் படிச்ச யாரோ ஒரு ஜெர்மன்காரர் வீட்டு நாத்தனாரும் முகம் சுளிச்சிருப்பாங்களா இருக்கும். உங்க நாகர்கோவில் மட்டும் என்ன, லண்டன் மிஷன்ல இருந்து வந்த மால்ட் அம்மா ஆரம்பிச்சு வச்ச லேஸ் வேலைய வித்துதான் பெண்பிள்ளைங்க ஸ்கூலுக்கே காசு வந்துச்சு. ஊழியத்துக்குப் பணம் எங்க இருந்தாவது வரணும், வானத்துல இருந்து கொட்டாது. அசன விருந்துக்கு அரிசி கேட்டு வீடு வீடா வர்றப்ப நாம வெக்கப்படுறோமா என்ன.

வெக்கத்தை அந்தப் பக்கம் வச்சுட்டு கணக்கைக் கேளுங்க, அதுல கூச்சப்படவே கூடாது. இந்த மாதிரி மிஷன்கள்ல குடும்பத்துக்குன்னு ஒரு பட்ஜெட் போடுவாங்க, வீட்டு வாடகை, சாப்பாடு, மெடிக்கல் இன்சூரன்ஸ், பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ், போக வர டிக்கெட், ஆபீஸ் செலவுக்கு ஒரு பங்கு எல்லாம் சேர்த்து, அந்தத் தொகைல பெரும்பகுதிக்கு ஆள் வாக்கு குடுத்தப்புறம்தான் பொதுவா கிளம்பவே விடுவாங்க. இதுல எல்லாரும் கோட்டை விடுறது ஓய்வு காலத்துக்கு. சிங்கப்பூர்ல கம்பெனி போட்டுக்கிட்டிருந்த சிபிஎஃப், நம்ம ஊரு பிஎஃப் மாதிரி, அந்தப் பணம் நின்னுபோகும், அதுக்குப் பதில் என்ன ஏற்பாடுன்னு மருமகன்ட்ட நேரா கேளுங்க. "கர்த்தர் பாத்துப்பார்"னு மட்டும் சொன்னாருன்னா இன்னொரு தடவை கேளுங்க, கர்த்தர் பாத்துப்பார்தான், ஆனா ஐம்பத்தஞ்சு வயசுல பேங்க் பேலன்ஸ் இல்லாம ஊர் திரும்பின குடும்பங்களையும் நான் பாத்திருக்கேன்.

இனி அந்த ஊரு. நானும் எங்க வீட்டுக்காரரும் அங்க வேலை செஞ்சவங்கதான், அவர் ஸ்டோர்ஸ் கணக்கு பாத்தார், அதனால யூடியூப் பாத்து சொல்றேன்னு நினைக்காதீங்க. பாப்புவா நியூகினில 800க்கு மேல மொழி, உலகத்துல வேற எந்த நாட்டுலயும் இத்தனை கிடையாது. எஸ்ஐஎல்னு பைபிள் மொழிபெயர்ப்பு வேலை பாக்குற அமைப்பு அங்க 1956ல போனாங்க, கிழக்கு ஹைலேண்ட்ஸ்ல ஐயுரா பள்ளத்தாக்குல, 5000 அடிக்கு மேல இருக்குற உக்காரும்பாதான் அவங்க சென்டர். ராத்திரி போர்வை வேணும், மலேரியா பயம் கீழ கடலோரத்துலயும் செப்பிக் ஆத்துப் பக்கமும் இருக்குற அளவுக்கு அங்க இல்ல. காலைல சந்தைல சுத்துவட்டாரத்துப் பெண்கள் கீரை, காய், பழம், அப்புறம் காவ்காவ்னு சக்கரவள்ளிக் கிழங்கு குவிச்சு வச்சிருப்பாங்க. நமக்கு மரச்சீனி மாதிரி அவங்களுக்கு அது. மகளுக்கு சமையலுக்குக் குறை இருக்காது, உளுந்துக்குத்தான் கஷ்டம்.

அங்க மொழிபெயர்ப்பு எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சாதான் கம்ப்யூட்டர்காரர் எதுக்குன்னு புரியும். வெள்ளைக்காரர் ஒருத்தர் குடிசைல உக்காந்து தனியா எழுதுறது பழைய படம். இப்ப பல மொழில அந்த ஊர்க்காரங்களேதான் முன்ன நின்னு எழுதுறாங்க. எழுதினதைக் கிராமத்துல வாசிச்சுக் காட்டி திருத்துவாங்க, அப்புறம் அதையே திரும்ப, அந்த நாட்டுப் பொதுமொழியான டோக் பிசின்லயோ இங்கிலீஷ்லயோ ஒருத்தர் மாத்தி எழுதுவாங்க, அதை வச்சு ஒரு கன்சல்டன்ட், அந்த மொழி தெரியாதவர், அந்த அதிகாரத்தை முன்ன பாத்தே இராத கிராமத்து ஆள் ரெண்டு பேரை உக்கார வச்சு "இவன் ஏன் ஓடினான், யார் யார்ட்ட சொன்னா"ன்னு வசனம் வசனமா கேள்வி கேப்பார். பதில் தப்பா வந்தா ஆளைத் திட்டுறதில்ல, வசனத்தைத் திருத்துறாங்க. ஒரு புதிய ஏற்பாடு முடிய பத்துப் பதினஞ்சு வருஷம் சாதாரணமா ஆகும். இத்தனையும் பாராடெக்ஸ்ட்னு ஒரு சாஃப்ட்வேர்லதான் இருக்கு.

இப்ப யோசிச்சுப் பாருங்க, ஒரு தடவை ஆத்தோர கிராமத்துல இருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் லேப்டாப்பை சாக்குல சுத்தி எடுத்துட்டு வந்தார், திறந்தா கீபோர்டு பட்டனுக்கு நடுவுல இருந்து எறும்பு வரிசையா வெளிய வருது, உள்ள முட்டையோட குடியிருக்கு, ஸ்கிரீன்ல ஓரமா பூசணம், சோலார் பேட்டரி ஏத்த இறக்கத்துல சார்ஜரும் போச்சு. அவர் அதைப் பத்தியெல்லாம் ஒண்ணும் சொல்லல, "லூக்கா இருக்கா?"ன்னு மட்டும் கேட்டார். கடைசியா பேக்கப் எடுத்தப்புறம் பல மாசம் செஞ்ச வேலை அதுக்குள்ள. கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் பையன் ஹார்டு டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டி சாயங்காலம் வரைக்கும் முக்கி, ஃபைலை எடுத்துக் குடுத்துட்டான். அந்தப் பையன் உங்க மருமகன் மாதிரி ஒருத்தன்தான்.

ப்ளேன் கதையும் அப்படித்தான். நிறைய கிராமத்துக்கு ரோடே கிடையாது, புல்தரைல இறங்குற கோடியாக் ப்ளேன்தான் பஸ்ஸு லாரி எல்லாம். ஏறுறதுக்கு முன்ன மூட்டையோட சேர்த்து நம்மளையும் தராசுல நிறுத்தி எடை போடுவாங்க, நம்ம வெயிட்டு எல்லார் முன்னாடியும் சத்தமா சொல்லப்படும், வெக்கப்பட நேரமில்ல, ஏன்னா ரன்வே சின்னது, கிலோ கூடினா கிளம்பாது. கோடியாக்கை எடுத்ததுக்கே காரணம் அது ஜெட் எரிபொருள்ல ஓடும், பழைய பிஸ்டன் ப்ளேனுக்கு வேண்டிய அவ்காஸ்ங்கிற பெட்ரோல் கிடைக்கிறதும் கஷ்டம், விலையும் எக்கச்சக்கம். விக்லிஃப்ங்கிற பைபிள் மொழிபெயர்ப்பு மிஷனை ஆரம்பிச்ச கேமரன் டவுன்சென்ட் 1947ல மெக்சிகோல மனைவியும் கைக்குழந்தையுமா போன ப்ளேன் விழுந்து, பலமா அடிபட்டுப் பிழைச்சவர். அடுத்த வருஷமே பைலட்டும் மெக்கானிக்கும் சேர்ந்த தனிப் பிரிவு ஆரம்பிச்சாங்க. பைபிள் வாசிக்கிறவங்களை விட ஸ்பேனர் பிடிக்கிறவங்க எத்தனை முக்கியம்னு அவருக்கு அடிபட்டே தெரிஞ்சிருக்கு.

பாதுகாப்பு பத்தி பொய் சொல்ல மாட்டேன். கொள்ளைக்காரப் பசங்க தொல்லை உண்டு, சுத்துவட்டாரத்துல கோத்திரச் சண்டை வர்றதும் உண்டு, சென்டருக்கு வேலி, காவல் எல்லாம் இருக்கு. பொழுது சாஞ்சா வெளிய போக மாட்டாங்க, ரோடு நிலவரம் கேக்காம வண்டி எடுக்க மாட்டாங்க. அந்தப் பழக்கம் சீக்கிரம் வந்துடும், ஆனா அந்த எச்சரிக்கை உடம்புல ஏறி உக்காந்துக்கும், ஊருக்கு வந்தப்புறமும் ராத்திரி கதவை ரெண்டு தடவை இழுத்துப் பாப்போம். அங்க கிளினிக் இருக்கு, பெரிய வியாதின்னா ஆஸ்திரேலியால கெய்ர்ன்ஸுக்குக் கொண்டு போவாங்க. அந்தச் செலவுக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு, மறுபடியும் சொல்றேன், கேளுங்க.

பிள்ளைங்க படிப்புக்குக் கவலைப்படாதீங்க, உக்காரும்பாலயே இன்டர்நேஷனல் ஸ்கூல் இருக்கு, பன்னெண்டாவது வரைக்கும் படிக்கலாம். ஆனா பேரன் சிங்கப்பூர் சிட்டிசனோ பிஆரோ (நிரந்தரக் குடியுரிமை)ன்னா ஒண்ணு கவனிக்கணும், 13 வயசுல இருந்து மூணு மாசமோ அதுக்கு மேலயோ வெளிநாட்டுல இருக்க எக்ஸிட் பெர்மிட் வேணும், பின்னால என்எஸ்னு கட்டாய ராணுவ சேவை இருக்கு. இதை இப்பவே கேட்டு வச்சுக்கச் சொல்லுங்க.

படிப்பை விட நான் யோசிக்கிறது வேற. அந்த ஊர்ல யாரும் நிரந்தரம் இல்ல. போன மாசம் உயிர்த் தோழியா இருந்தவ இந்த மாசம் ஃபின்லாந்துக்குப் போயிடுவா, டீச்சர் கொரியாக்குப் போயிடுவாங்க, பன்னெண்டாவது முடிச்ச பிள்ளைங்க அவங்கவங்க பாஸ்போர்ட் எந்த நாடோ அங்க தனியா கிளம்பும், தாய் தகப்பன் பின்னாடி நிப்பாங்க. எங்க வீட்டுச் சின்னவ ஒரு கட்டத்துல புதுசா வர்ற பிள்ளைங்கட்ட பேசறதையே நிறுத்திட்டா, "இவளும்தான் போயிடுவா"ன்னா. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை லீவுல ஊருக்கு வந்தா சபைல ஸ்டேஜ்ல ஏத்தி பாட்டு பாடச் சொல்வாங்க, "உனக்கு எந்த ஊரு புடிச்சிருக்கு"ன்னு கேப்பாங்க, பிள்ளை முழிக்கும். நீங்க அதைக் கேக்காதீங்க. பாட்டி வீட்டுல அதே கட்டில், அதே தட்டு, அதே மாமரம்னு மாறாம ஒண்ணு இருந்தா இந்தப் பிள்ளைங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு வெளிய இருக்குறவங்களுக்குத் தெரியாது. வீட்டை வித்துட்டு ஃப்ளாட்டுக்குப் போற யோசனை இருந்தா கொஞ்ச காலம் தள்ளிப் போடுங்க.

எனக்கு முடியாம போச்சுன்னா யார் வருவான்னு கேட்டீங்களே, அதை அவங்கட்டயே கேளுங்க அக்கா. வாயைத் திறக்காம இருக்குறது ஊழியத்துக்குச் செய்ற உபகாரம்னு நினைக்கிறீங்க, உபகாரம் இல்ல, உங்க மக அங்க போய் உக்காந்துட்டு அம்மா மனசுல என்ன இருக்குன்னு தெரியாம தவிப்பா. கிளம்புறதுக்கு முன்ன ஒரு நாள் உக்காந்து பேசுங்க, அவசரத்துக்கு வர ஒரு டிக்கெட் காசு தனியா எடுத்து வச்சு அதைத் தொடக்கூடாதுன்னு முடிவு பண்ணுங்க, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போக இங்க யாருன்னு ஒரு பேரை எழுதி வைங்க, உங்க நாத்தனார் பேராகவே இருந்தாலும் சரி. அங்க இருந்து நாகர்கோவில் வந்து சேர ரெண்டு நாளாவது ஆகும், அடக்கத்துக்கு வந்து சேர முடியாம போகலாம்ங்கிறதையும் சேர்த்தே பேசிடுங்க, கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா இதைப் பேசிட்டுப் போனவங்க அங்க நிம்மதியா வேலை செஞ்சதைப் பாத்திருக்கேன்.

ஃபோனுக்கு, அங்க நம்மளை விட நாலரை மணி நேரம் முன்னாடி. நீங்க ராத்திரி ஜெபம் முடிச்சு எட்டு மணிக்குக் கூப்பிட்டா அவங்களுக்கு நடுராத்திரி தாண்டிடும், மத்தியானம் ரெண்டரைக்குக் கூப்பிடுங்க, பிள்ளைங்க சாப்பாட்டு மேசைல இருப்பாங்க.

பொடி தாராளமா குடுத்து விடலாம். நல்லா வறுத்து அரைச்சு, பேர் எழுதி சீல் போட்ட பாக்கெட்டா இருக்கட்டும், ஏர்போர்ட்டுல குவாரன்டைன் ஃபார்ம்ல மறைக்காம எழுதச் சொல்லுங்க. முளைக்கிற விதை, காயப்போட்ட கறிவேப்பிலை, கருவாடு இதெல்லாம் வைக்காதீங்க, பிடுங்கிப் போட்டாலும் போடுவாங்க. எல்லாத்துக்கும் மேல, எடை பாத்து வைங்க.