விவாதத்தில் எது போலி? கேள்வி பதில்

போலி என்றால் சரிபோலத் தெரியும் பிழையான வாதம். அதைப் பற்றிக் கொழும்பில் பாடசாலை விவாத அணிகளைப் பயிற்றுவிக்கும் அக்காவிடம் கேட்டவை.

கேள்வி: அக்கா, தமிழ்ப் பாடத்தில் மனனத்தைக் குறைக்க வேண்டும் என்று பேசினேன். எதிரணி, "இவர் ஆங்கில மொழிமூலம் படிப்பவர், தமிழைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்?" என்றது. கைத்தட்டலும் கிடைத்தது. நான் என்ன சொல்லியிருக்கலாம்?

பதில்: "என் தமிழ் நல்லது" என்று காட்டப் போகவே வேண்டாம் தங்கச்சி. போனால் மனனம் மறந்துபோய் நீங்களே பேசுபொருளாகிவிடுவீர்கள். "நான் சொன்ன காரணங்களில் எது பிழை?" என்று கேளுங்கள், போதும். ஆனால் ஆளைப் பார்ப்பது எல்லா இடத்திலும் பிழையில்லை. "கண்ணால் கண்டேன்" என்று ஒருவர் சாட்சி சொன்னால், அவர் அங்கே இருந்தாரா, நம்பத்தக்கவரா என்று பார்க்கத்தான் வேண்டும். அங்கே அவர் சொல்தானே ஆதாரம்.

கேள்வி: உணர்ச்சியைத் தூண்டியதாக நடுவர் எனக்குப் புள்ளி குறைத்தார். அது போலியா, அக்கா?

பதில்: உணர்ச்சி வந்ததற்காக மட்டும் வாதம் போலியாகாது தம்பி. பேசுபவரின் நம்பகம், கேட்பவரின் உணர்ச்சி, தர்க்கம் மூன்றையுமே அரிஸ்டோட்டில் இணங்கவைக்கும் வழிகளாகச் சொன்னார். குப்பை பற்றிப் பேசும்போது கொழும்புக்கு அருகிலுள்ள மீதொட்டமுல்லையைச் சொல்லாமல் எப்படி? 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் குப்பைமேடு வீடுகள்மேல் சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். கேட்டால் கண் கலங்கும், அதுவே சான்றும்கூட. "ஆகவே எங்கள் எரியுலைத் திட்டம்தான் சரி" என்று அங்கிருந்து தாவினால்தான் பிழை. திட்டம் ஏன் சரி என்பதைத் தனியாகக் காட்ட வேண்டும்.

கேள்வி: இந்தப் பிழைகளுக்கு மகள் ஆங்கிலப் பெயரைத்தான் சொல்கிறாள். தமிழில் இல்லையா?

பதில்: இருக்கிறது அண்ணா, அதுவும் மிகப் பழையது. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்கிறார். கூற்றில், காரணத்தில், எடுத்துக்காட்டில் வரும் பிழைகள். ஏதுப்போலி மட்டும் 14 வகை. அதில் ஒன்று: "ஒலி நிலையற்றது, கண்ணுக்குத் தெரிவதால்." ஒலி கண்ணுக்குத் தெரியும் என்று இரு தரப்பிலும் ஒருவரும் ஒப்பமாட்டார். புதிய பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான், சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: மகனுக்கு டெங்கு. பப்பாசி இலைச்சாறு கொடுத்தோம், நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. சாறுதான் சுகமாக்கியது என்கிறார்கள் பக்கத்து வீட்டில்.

பதில்: ஒன்றுக்குப் பிறகு நடந்தால், அதனால்தான் நடந்தது என்று ஆகாது அம்மா. சாறு கொடுக்காவிட்டாலும் டெங்குக் காய்ச்சல் பெரும்பாலும் 3 முதல் 7 நாளில் விடும். ஆபத்தான கட்டம் தொடங்குவதும் காய்ச்சல் விடும்போதுதான். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டாக்டர் எழுதிய இரத்தப் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.