ராட்சச மிருகம் ஏன் பொம்மை மாதிரி தெரிகிறது?

கேள்வி: நான் குடியாத்தம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வேலூரில் நான்கு பெண்கள் சேர்ந்து நடத்தும் ராக் பேண்ட், ஊருக்குள் இறங்கும் ராட்சச மிருகங்கள், இதுதான் என் காமிக்ஸ். 30 பக்கம் வரைந்துவிட்டேன். சொந்தச் செலவில் அச்சடிக்கப் போகிறேன். ஆனால் மிருகம் பொம்மை மாதிரி தெரிகிறது. கச்சேரிப் பக்கங்களில் பாட்டும் கேட்கவில்லை. கட்டத்துக்குக் கட்டம் 'டமார்' என்று எழுதியும் பயனில்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன் எதை மாற்றலாம்?

பதில்: நீங்கள் அனுப்பிய ஆறு பக்கங்களையும் பார்த்தேன். கோடு நன்றாக வந்திருக்கிறது. பேஸ் கிட்டாரில் நான்கே தந்தி, டிரம்மர் காலடியில் சுருண்டு கிடக்கும் ஒயர் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறீர்கள். அதனால் வரையும் கையில் குறை இல்லை. நீங்கள் சொல்லும் இரண்டு குறையும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. உங்கள் கட்டங்களுக்கு நடுவே நேரம் ஓடவில்லை.

கோழிக்குஞ்சு ஓடுவதையும் கோயில் யானை நடப்பதையும் நினைத்துப் பாருங்கள். உடம்பு பெரிதாகப் பெரிதாக அசைவு நிதானமாகும். கால் என்பது ஊசல் மாதிரி. நீளம் 25 மடங்கானால் ஒரு வீச்சுக்கு ஆகும் நேரம் 5 மடங்காகும். உங்கள் மிருகம் 140 அடி, அதாவது ஆள் உயரத்தைப் போல 25 மடங்கு. நாம் அரை நொடியில் எடுத்து வைக்கும் காலடியை வைக்க அதற்கு இரண்டரை நொடி வேண்டும். உங்கள் மூன்றாம் பக்கத்திலோ அது மூன்று கட்டத்தில் மூன்று தாவு தாவுகிறது. அப்படித் தாவுவது பூனை. படிக்கிறவர் கணக்குப் போட மாட்டார், கண் போட்டுவிடும்.

1954-இல் வந்த 'காட்ஜில்லா' என்ற ஜப்பானிய ராட்சச மிருகப் படத்தில் ரப்பர் உடைக்குள் இருந்தது ஒரு மனிதர்தான். கேமராவை வேகமாக ஓட்டிப் பிடித்து, திரையில் அசைவை மெதுவாக்கினார்கள். கனம் அப்படித்தான் வந்தது. உங்களிடம் கேமரா இல்லை, கட்டம் இருக்கிறது. ஒரு கட்டத்தில் கால் மேலே எழட்டும். அடுத்ததில் மொட்டை மாடியில் உங்கள் பாடகி மைக் ஒயரைப் பிரிக்கட்டும். அதற்கடுத்ததில் பாலாற்று மணலில் நிழல் பரவட்டும். நான்காவதில் கால் இறங்கினால் போதும்.

அப்படி இறங்கும்போது 'டமார்' வேண்டாம். அந்தக் கட்டத்தில் ஒரு எழுத்துகூட வேண்டாம். சத்தம் காற்றில் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 நொடி ஆகும். மிருகம் ஆற்றில், பெண்கள் ஒரு கிலோமீட்டர் தள்ளி மாடியில். முதலில் அவர்கள் கால் விழுவதைப் பார்க்கிறார்கள். வேலூரைச் சுற்றிப் பாறை, அதன் வழியாக அதிர்வு காற்றை முந்திக்கொண்டு வரும். அதனால் அடுத்த கட்டத்தில் டிரம்மோடு இருக்கும் சிம்பல் தட்டு யாரும் தொடாமலே நடுங்கட்டும். டிரம்மர் அதைப் பிடித்து நிறுத்தட்டும். அதற்குப் பிறகு சத்தம் வரட்டும், பக்கத்தை நிறைத்துக்கொண்டு. அந்த ஒரு சத்தம் உங்கள் பதினைந்து 'டமார்'களுக்குச் சமம்.

அப்புறம், எவ்வளவு பெரியது என்று காட்ட முழு உருவத்தையும் வரைகிறீர்கள். முழுசாகக் காட்டினால் கட்டத்துக்குள் அடங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். நீங்கள் குடியாத்தத்துக்காரர், உங்களுக்கு இதைச் சொல்வது சுலபம். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு வரும்போது தெருவில் நின்றிருப்பீர்கள். முன்னால் ஒரே தலைகள், கழுத்தை எக்கிப் பார்க்கும் ஆட்கள், தோளில் குழந்தைகள். பம்பைச் சத்தம் கிட்டே வருகிறது, இன்னும் எதுவும் தெரியவில்லை. திடீரென்று எல்லாத் தலைகளுக்கும் மேலே அம்மன் முகம் மட்டும் மிதந்து வருகிறது. கீழே தூக்கி வருகிறவர்கள் நம் கண்ணில் படுவதே இல்லை. அந்த முகத்தின் அளவை யாராவது அடிக்கோல் வைத்துப் பார்த்தார்களா? சுற்றியிருக்கும் கூட்டம்தான் அதை அவ்வளவு பெரிதாக்குகிறது. அந்தத் தெருவில் நின்று பார்த்த கண்ணோடு உங்கள் மிருகத்தை வரையுங்கள். ஒரு கட்டத்தில் முழங்கால், ஒரு கட்டத்தில் தாடை, மீதியைச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிடுங்கள்.

இடத்தையும் கவனியுங்கள். மலைக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள், மலை அதை விழுங்கிவிட்டது. ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தின் பக்கத்தில் நிறுத்தினால் கோபுரம் அதன் மார்பு மட்டத்துக்கு வரும். வேலூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துப் பழகிய உயரம் அது, உடனே பிடிபடும். காட்ஜில்லாவுக்கு முதலில் 50 மீட்டர் உயரம் வைத்தார்கள், அன்றைய டோக்கியோ கட்டடங்களுக்கு மேலே தலை தெரிய அது போதும். ஊர் உயர்ந்ததும் 1984 படத்தில் 80 மீட்டராக்கினார்கள். மிருகத்தின் உயரத்தை ஊர்தான் முடிவு செய்கிறது.

இனி பாட்டு. தமிழில் எழுதுகிறோம், இந்த விஷயத்தில் நம் எழுத்துகள் பெரிய சொத்து. வல்லினம் தட்டி நின்றுவிடும்: ட், த், க். அது டிரம். மெல்லினம் இழுத்தால் இழுபடும்: ம், ங், ண். அது பேஸ். இலக்கணமே இதைச் சொல்கிறது. ஒற்றளபெடையில், அதாவது மெய்யெழுத்தை நீட்டி ஒலிக்கும்போது, ங், ம், ன் எல்லாம் நீளும், வல்லின மெய் எதுவும் நீளாது. அதனால் 'ட்ட்ட்ட்' என்று நீட்டி எழுதாதீர்கள், 'தட தட' என்று அடியடியாகப் பிரித்து வையுங்கள். பேஸுக்கு 'ங்ங்ம்ம்ம்' என்று கட்டத்தின் அடியில், நான்கு பேரின் காலுக்கும் கீழே, ஒரே கோடாக ஓட விடுங்கள். பாடகியின் குரலுக்கு அளபெடை இருக்கிறது: 'ஓஒஒ'. அந்த எழுத்து ஒரு கட்டத்தில் தொடங்கி அடுத்த கட்டத்தில் முடியட்டும். இதையெல்லாம் கையால் எழுதுங்கள், கணினி எழுத்துரு வேண்டாம்.

ஒரு விஷயம் சொல்கிறேன், கதைக்கே உதவலாம். காட்ஜில்லாவின் உறுமலை உருவாக்கியவர் அந்தப் படத்தின் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே. டபுள் பேஸ் என்ற ஆள் உயரத் தந்தி வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் உருவி எழுப்பிய ஓசை அது. ராட்சச மிருகத்தின் குரலே ஒரு பேஸ் தந்தியிலிருந்து வந்ததுதான். உங்கள் பேண்டில் பேஸ் வாசிப்பவள் இருக்கிறாள். பக்கத்தில் ஆம்பூரும் பேரணாம்பட்டும் தோலுக்குப் பேர் போன ஊர்கள். அவள் அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை செய்பவராக இருந்தால்? மிருகம் கத்தும்போது அவள் மட்டும் அந்தச் சத்தத்தை அடையாளம் கண்டுகொண்டால்? இதை நீங்கள் எடுத்துக்கொண்டால் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

அதே மாதிரி, மிருகம் ஊருக்குள் வந்தால் முதலில் போவது கரண்ட். கரண்ட் போனால் எலக்ட்ரிக் கிட்டார் கொசு முனகல்தான். டிரம்மும் தொண்டையும் மட்டும் மிஞ்சும். உங்கள் கடைசிச் சண்டையில் எல்லா ஆம்ப்ளிஃபயரும் முழுச் சத்தத்தில் ஓடுகின்றன. அங்கே ஒரு பக்கமாவது இருட்டில் வெறும் டிரம் அடி கேட்கட்டும்.

அச்சு விஷயம் சுருக்கமாக. 300 டிபிஐ, ஓரத்தில் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதல், பேச்சு பலூன் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றி பிடிஎஃப். இல்லாவிட்டால் அச்சகக் கணினியில் எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்கில் இருக்க வேண்டும். அட்டை போக 30 வராது, 32 ஆக்குங்கள். கூடுதலாகக் கிடைக்கும் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமாக நடுவில் வையுங்கள். 16-ஆம் பக்கமும் 17-ஆம் பக்கமும் ஒரே தாளில் வரும், அதனால் படம் இணைப்பில் பிசகாது. மிருகம் முழுசாகத் தெரிகிற ஒரே இடம் அதுவாக இருக்கட்டும். அடியில் பாலாற்றுப் பாலம், அதன் மேல் ஒரு டவுன் பஸ், முகப்பு விளக்கு எரிந்தபடி.