பி செல்களை அழிக்கும் ஊசி: எதிர்ப்புச் சக்தியே போய்விடுமா?

கேள்வி: என் வயது 46, பெரம்பூரில் இருக்கிறேன். ஏழு வருடமாக முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் மாத்திரைக்கும், அப்புறம் போட்ட வேறொரு ஊசிக்கும் வலி அடங்கவில்லை. இப்போது ரிட்டுக்சிமாப் போடலாம் என்கிறார் டாக்டர். அது புற்றுநோய் மருந்து, வெள்ளையணுக்களைச் சாகடித்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. போட்டுக்கொள்ளலாமா?

பதில்: அந்த அக்கா சொன்னதில் பொய் இல்லை. 1997-ல் அமெரிக்காவில் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குத்தான் இதற்கு முதலில் அனுமதி கிடைத்தது. முடக்குவாதத்துக்கு 2006-ல் கிடைத்தது. வெள்ளையணுக்களைச் சாகடிப்பதும் நிஜம். ஆனால் எவற்றை என்பதுதான் விஷயம்.

வெள்ளையணுக்களில் பி செல் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் மூட்டையே எதிரியாக நினைத்துத் தாக்குவதில் அதற்குப் பெரும் பங்கு. அதன் மேல் சிடி20 என்ற புரதம் இருக்கும். இந்த மருந்து ஓர் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட இலக்கில் மட்டும் ஒட்டும் புரதம். நேராகப் போய் அந்தப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். அடையாளம் விழுந்த செல்லை உங்கள் உடம்பின் கொல்லி செல்களே வந்து தீர்க்கும். ரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் புரதங்கள் அதன் சவ்வைத் துளைக்கும். சில செல்கள், ஆன்டிபாடி ஒட்டிய உடனே தாமாகவே மடியும்.

பி செல்லுக்கு மூலமான எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களில் சிடி20 கிடையாது. ஏற்கெனவே ஆன்டிபாடி சுரந்துகொண்டிருக்கும் பிளாஸ்மா செல்களிலும் கிடையாது. அதனால் பழைய தடுப்பூசிகளின் பலன் பெரும்பாலும் தங்கும். பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் புது பி செல்களும் திரும்ப வரத் தொடங்கும். இடைப்பட்ட காலத்தில்தான் கவனம் வேண்டும்.

எனக்கு உண்மையில் கவலை ஹெபடைடிஸ் பி வைரஸைப் பற்றித்தான். எப்போதோ தொற்றி, தெரியாமலே ஈரலில் தூங்கிக்கொண்டிருக்கும் வைரஸை இந்த ஊசி எழுப்பிவிடலாம். ஊசி முடிந்து பல மாதம் கழித்துக்கூட ஈரல் செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகும். இப்போது தொற்று இருக்கிறதா என்று காட்டும் எச்பிஎஸ்ஏஜி ரத்த டெஸ்ட் மட்டும் பார்த்தால் போதாது, எப்போதாவது தொற்றியிருந்ததா என்று காட்டும் ஆன்டி-எச்பிசி டெஸ்ட்டும் வேண்டும். இரண்டு ரிசல்ட்டும் கைக்கு வராமல் டிரிப் ஏற்றிக்கொள்ளாதீர்கள். தொற்றின் அடையாளம் தெரிந்தால் வைரஸை அடக்கும் மாத்திரையை முன்பே தொடங்கலாம்; ஊசி முடிந்த பின்னும் ஒரு வருடத்துக்கு மேல் அதை நிறுத்தக் கூடாது.

வழக்கமான அளவு 1000 மி.கி., இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை. முதல் நாள் மெதுவாக ஏற்றுவார்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குளிர் நடுக்கமோ தொண்டை அரிப்போ மூச்சு முட்டலோ வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அன்று காலை அந்த மாத்திரையைப் போடலாமா என்று டாக்டரிடம் முன்பே கேளுங்கள்.

நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளை நான்கு வாரம் முன்னதாகப் போட்டுவிடுவது நல்லது. பின்னால் போட்டால் சரியாகப் பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் காய்ச்சல் எல்லா வீட்டிலும் இருக்கும். மற்றவர்களைப் போல நீங்கள் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்க முடியாது, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

சரி, இவற்றைப் பார்த்துக்கொண்டால் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். வலி மறுநாளே குறையாது, இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அதுவரை டாக்டர் சொல்லாமல் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவிடாதீர்கள்.