பழிவாங்கும் படத்துக்கும் சஸ்பென்ஸ் படத்துக்கும் என்ன வித்தியாசம்?

சஸ்பென்ஸ் படத்தில் நம்மை நகரவிடாமல் வைப்பது 'யார் செய்தது?' என்ற கேள்வி. பழிவாங்கும் படத்தில் ஆள் பெரும்பாலும் தெரிந்தவன். எப்போது, எப்படிச் சிக்குவான் என்பதுதான் பதற்றம்.

எங்கள் குளச்சல் கடற்கரையில் கரமடி, அதாவது கரையில் நின்றபடி இழுக்கும் பெரிய வலை, இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மடி கரையேறும்வரை உள்ளே நெத்திலியா, சாளையா, வெறும் பாசியா என்று இழுப்பவருக்கே தெரியாது. அது சஸ்பென்ஸ். ஒரே மீனைக் குறிவைத்துத் தூண்டிலோடு காத்திருப்பது பழி.

1954இல் வந்த 'அந்த நாள்' முதல் வகை. தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். அப்புறம் ஒவ்வொருவராக விசாரணை. ஒருவர் பேச்சு அடுத்தவர்மேல் சந்தேகத்தைத் தள்ளும். பாட்டே கிடையாது, நடுவில் எழுந்து டீ குடிக்கப் போகவும் வழியில்லை! 2024இன் 'மகாராஜா' பழிவாங்கும் கதை. ஆனால் காணாமல்போன குப்பைத்தொட்டியைத் தேடித் தரச் சொல்லி விஜய் சேதுபதி போலீஸ் நிலையத்தில் அடம்பிடிக்கும்போது, அது பழி என்றே நமக்குத் தோன்றாது. காலவரிசையைக் கலைத்துப் போட்டுக் காரணத்தை ஒளிக்கிறார் இயக்குநர். என்னைக் கேட்டால், படத்தின் சாமர்த்தியமே அங்கேதான்.

கடைசியில் திருப்பம் இருந்தாலே சஸ்பென்ஸ் படம் என்று பலர் சொல்வார்கள். 'மகாராஜா'விலும் பெரிய திருப்பம் உண்டு, ஆனாலும் அது பழிவாங்கும் படம்தான்.