டிசம்பரில் டொராண்டோ வரும் பெற்றோர்: பனியை எங்கே, எப்படிக் காட்டுவது?

கேள்வி: நான் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கிறேன். டிசம்பர் 18 முதல் ஜனவரி 4 வரை திருச்சியிலிருந்து அப்பா (72), அம்மா (67), அண்ணன், அண்ணி, அவர்களுடைய பிள்ளைகள் இருவர் (வயது 11, 6) வந்து தங்குகிறார்கள். எல்லோருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். பனி, கிறிஸ்துமஸ் விளக்குகள், நயாகரா மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்கு ரத்த அழுத்தம். எப்படித் திட்டமிடலாம்?

பதில்: ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். மற்ற எல்லாத் திட்டத்தையும் இதை வைத்தே போடுங்கள். 18 நாளில் 25 இடங்களைக் காட்ட நினைப்பவர்கள், கடைசி வாரத்தில் காய்ச்சலோடு படுத்திருக்கும் அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருப்பார்கள்.

பனியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஏமாற்றம் அங்கேதான் வரும். டொராண்டோவில் கிறிஸ்துமஸ் அன்று தரையில் பனி இருக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. டிசம்பர் 25 காலை 7 மணிக்குத் தரையில் குறைந்தது 2 செ.மீ. பனி கிடந்தால்தான் கனடா வானிலைத் துறை அதை வெள்ளைக் கிறிஸ்துமஸாகக் கணக்கில் எடுக்கிறது. அந்த 2 செ.மீ.கூட இல்லாமல் வெறும் மழையும் சேறுமாகக் கழிந்த ஆண்டுகள் இந்த நகரில் நிறைய உண்டு.

ஆனால் வடக்கே ஏறத்தாழ 100 கி.மீ. போனால், பாரி நகரைச் சுற்றி நிலைமையே வேறு. குளிர்காலத் தொடக்கத்தில் ஹூரான் ஏரியும் ஜார்ஜியன் விரிகுடாவும் இன்னும் உறையாமல், காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும். வடமேற்கிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று அந்த நீர்ப்பரப்பைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடுகிறது. பாரி, ஓரில்லியா, காலிங்வுட் பக்கமெல்லாம் குவிவது இந்தப் பனிதான். டொராண்டோவை எட்டுவதற்குள் பெரும்பாலும் காற்றின் கை காலியாகிவிடும். ஆகவே வீட்டு வாசலில் பனி விழும் என்று காத்திருக்காமல், பனி இருக்கும் இடத்துக்கு நீங்களே போய்விடுங்கள். இதற்கென்று ஒரு நாளை முன்கூட்டியே குறித்துவிடாதீர்கள். இரண்டு மூன்று நாட்களைக் காலியாக வைத்திருந்து, வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து இரண்டு நாள் முன்னதாக முடிவு செய்யுங்கள். ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து சரிவில் வழுக்கி வரும் டியூபிங் விளையாட்டு அங்குள்ள பனிச்சறுக்குத் தலங்களில் உண்டு. பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய மகிழ்ச்சி இந்தப் பயணத்தில் வேறில்லை. வயது, உயர வரம்பு இருக்கும், முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் உள்ளே கண்ணாடி ஜன்னலோரம் சூடான தேநீருடன் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஒரே ஒரு கண்டிப்பு. அந்தப் பகுதிக்கு ‘ஸ்னோ ஸ்குவால்’ (திடீரென்று வீசும் அடர்பனிக் காற்று) எச்சரிக்கை வந்திருந்தால் போகவே போகாதீர்கள். 400ஆம் நெடுஞ்சாலையில் தெளிந்த வானத்தின் கீழ் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, சில நிமிடங்களில் முன்னால் போகும் வண்டி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம், டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் கட்டாயமில்லை. சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக நீங்கள் விட்டுவிடாதீர்கள். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறைகிறது. வேன் வாடகைக்கு எடுத்தால் குளிர்கால டயர் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். 6 வயதுப் பிள்ளைக்கு பூஸ்டர் இருக்கையும் வேண்டும்: ஒன்டாரியோ சட்டப்படி 8 வயதுக்கு உட்பட்டு, 145 செ.மீ. உயரத்துக்கும் 36 கிலோவுக்கும் குறைவான பிள்ளைகளுக்கு அது கட்டாயம்.

அடுத்தது வெளிச்சம். டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் காலை 7.50 வாக்கில் எழுந்து மாலை 4.45 வாக்கில் மறைந்துவிடுகிறது. இந்தியாவுக்கும் டொராண்டோவுக்கும் அப்போது பத்தரை மணி நேர வித்தியாசம். முதல் ஐந்தாறு நாள் அப்பா நள்ளிரவு 2 மணிக்கு விழித்துக்கொள்வார், பிற்பகல் 3 மணிக்குக் கண் சொருகும். ஆகவே வெளியில் போவதைக் காலை 10.30 முதல் பிற்பகல் 2.30 வரை வைத்துக்கொள்ளுங்கள். இரவில் சமையலறையில் சிறு விளக்கை எரியவிட்டு, பிளாஸ்கில் வெந்நீரும் பிஸ்கட்டும் வைத்துவிட்டுப் படுங்கள். உங்கள் வீட்டு அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்பதை முதல் நாளே காட்டிவிடுங்கள். தாளிக்கும்போது மிளகாய்ப் புகைக்கு ஸ்மோக் அலாரம் அலறும். புகைபோக்கி விசிறியைப் போடச் சொல்லுங்கள், அலாரத்தின் பேட்டரியைக் கழற்ற மட்டும் விடாதீர்கள். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று மிகவும் வறண்டிருக்கும். உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம்கூட வரலாம். படுக்கையறையில் ஈரப்பதக் கருவி ஒன்று வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

உடைகளை ஊரில் வாங்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். அங்கே கிடைக்கும் ஸ்வெட்டர் ஊட்டிக்குப் போதும், இங்கே போதாது. ஆறு பேருக்கும் கோட், குல்லா, கையுறைகளை நண்பர்களிடம் இரவல் வாங்கி, விமான நிலையத்துக்கே கையோடு எடுத்துச் செல்லுங்கள். உள்ளே உடலோடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், வெளியே காற்றுப் புகாத கோட் என்று மூன்று அடுக்கு. தெர்மல் பருத்தியில் வேண்டாம், வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து குளிரை ஏற்றும். அம்மா சேலைதான் உடுத்துவேன் என்பார். வீட்டிலும் கோயிலிலும் உடுத்தட்டும். வெளியில் சேலை ஓரம் உருகிய பனிச்சேற்றில் நனைந்து கணுக்காலை விறைக்க வைக்கும், காலிலும் சிக்கும். இரண்டு சுடிதார் எடுத்துவரும்படி தொலைபேசியிலேயே பேசி முடித்துவிடுங்கள். இங்கே வந்தபின் வாதாட வேண்டாம்.

பணத்தைச் செலவழிக்க வேண்டிய ஒரே பொருள் அம்மாவின் பூட்ஸ்தான். அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கக்கூடியதாக, ஒரு எண் பெரியதாக வாங்கி, அதன்மேல் மாட்டும் பல் வைத்த ரப்பர் பிடிப்பானையும் சேர்த்து வாங்குங்கள். முழங்கால் வலி உள்ளவருக்குப் பனியைவிடப் பகலில் உருகி இரவில் மீண்டும் உறைந்த, கண்ணுக்கே தெரியாத பனிக்கட்டிதான் ஆபத்து. அவர்கள் வாசலில் இறங்கும் முன் உப்புத் தூவிவிடுங்கள்.

அப்பா விஷயத்தில் எனக்கு உள்ள பெரிய கவலை, அவர் பனி அள்ளும் மண்வெட்டியைக் கையில் எடுத்துவிடுவாரோ என்பதுதான். நீங்கள் அள்ளும்போது அவர் சும்மா நிற்க மாட்டார். குளிர் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது. அதோடு திடீரென்று கனமான ஈரப்பனியைத் தூக்குவது இதயத்துக்குப் பெரும் பளு. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படி மாரடைப்பு வருகிறது. மண்வெட்டியை கராஜில் பூட்டி வையுங்கள். காற்றோடு சேர்ந்த குளிர் −28 அளவுக்குப் போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துவிடக்கூடும். அன்று யாரும் வெளியே போக வேண்டாம்.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் அவர்களை விமானம் ஏற விடாதீர்கள். ஒன்டாரியோவின் அரசுக் காப்பீடு சுற்றுலா வந்தவர்களுக்கு உதவாது. அப்பாவின் ரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதி, ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பொருந்தும் திட்டமா என்று பார்த்து வாங்குங்கள். மாத்திரையின் அளவு அண்மையில் மாறியிருந்தால் சில திட்டங்கள் பணம் தராது. மாத்திரைகள், மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வரட்டும்.

நயாகரா உங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. கூட்டம் சேரும் 26ஆம் தேதிக்குப் பிறகு வேண்டாம். 22 அல்லது 23ஆம் தேதி போங்கள். இந்த ஒரு நாள் மட்டும் நேரத்தைத் தள்ளிவைத்து, பகல் 1 மணிக்குள் அங்கே சேருங்கள். அருவியின் பின்புறச் சுரங்கப்பாதைக்கு லிஃப்டில் இறங்கலாம், அம்மாவுக்குப் படி ஏறும் தொல்லை இல்லை. குளிர்காலத்தில் கீழ்த்தளத்தின் சில பகுதிகளைப் பனிக்கட்டி காரணமாக மூடியிருப்பார்கள், படகுச் சவாரியும் கிடையாது. இருந்தாலும், சாரல் தெறித்து மரக்கிளையும் கைப்பிடிக் கம்பியும் கண்ணாடியாக உறைந்து நிற்பதைக் கோடையில் வருபவர்கள் பார்க்க முடியாது. அருவி முழுக்க உறைந்துவிடுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். உறையாது. 1848 மார்ச்சில் ஈரி ஏரியின் வாயில் பனிக்கட்டிகள் அடைத்துக்கொண்டதால் நீர் வரத்தே நின்று அருவி வறண்ட கதையைச் சொல்லுங்கள். 5 மணிக்கு இருட்டிவிடும். விளக்குத் திருவிழா நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரித் தொடக்கம்வரை நடக்கிறது, கட்டணம் இல்லை. பெரும்பகுதியைக் காரிலிருந்தே பார்த்துவிட்டு 7 மணிக்குக் கிளம்பலாம். அமெரிக்க விசா இல்லாதவர்கள், எல்லை தாண்டி அமெரிக்காவுக்குச் செல்லும் ரெயின்போ பாலத்துக்குப் போகும் வரிசையில் தவறியும் வண்டியைத் திருப்பக் கூடாது.

நகர மையத்துக்கு காரில் போகாமல் ‘கோ’ (GO) என்ற புறநகர் ரயிலில் போங்கள். 12 வயதுவரை பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. யூனியன் நிலையத்தில் இறங்கி, மூடிய நடைபாதை வழியாகவே சி.என். டவரையும் அக்வாரியத்தையும் நெருங்கிவிடலாம். மேகம் தாழ்ந்திருக்கும் நாளில் 553 மீட்டர் கோபுரத்தில் ஏறிப் பயனில்லை. அன்று அக்வாரியம் மட்டும். அம்மாவுக்காக ஒரு நாள் ஆலன் கார்டன்ஸ். கண்ணாடி மாளிகைக்குள் பனை வகைகளும் வாழையும் பசுமையாக நிற்கும், உட்கார இருக்கைகள் உண்டு, நுழைவு இலவசம். டிஸ்டிலரி டிஸ்ட்ரிக்ட் கிறிஸ்துமஸ் சந்தை அழகானதுதான், ஆனால் செங்கல் பாவிய தரையும் நெரிசலும் அவர் முழங்காலுக்கு ஆகாது. அண்ணனும் அண்ணியும் மட்டும் ஒரு மாலை போய்வரட்டும், பிள்ளைகள் உங்களோடு இருக்கட்டும். மாமனார் மாமியாரோடு வரும் மருமகளுக்கு அந்த இரண்டு மணி நேரம் அவசியம்.

25ஆம் தேதி ஏறக்குறைய எல்லாக் கடைகளும் மூடியிருக்கும். பால், காய்கறியை 24 மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள். அன்று மாலை உங்கள் தெருக்களிலேயே வீட்டு அலங்கார விளக்குகளைப் பார்த்தபடி மெதுவாகக் காரில் ஒரு சுற்று வரலாம். மார்கழி மாதம் என்பதால் ஒரு காலை ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு அழைத்துப்போங்கள். நேரத்தை முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். 26ஆம் தேதி மால்களில் தள்ளுபடிக் கூட்டம் அலைமோதும், அன்று வீட்டில் பிரியாணி செய்யுங்கள்.

ஜனவரி 4 பயணத்துக்கு ஒரு முன்னேற்பாடு: பனி பெய்தால் விமானத்தின் இறக்கைகளில் படிந்த பனிக்கட்டியை அகற்றிய பிறகே கிளம்புவார்கள், இணைப்பு விமானம் தவறக்கூடும். பயணத் தேதிக்கு மேல் ஒரு வாரத்துக்கு அப்பாவின் மாத்திரை கூடுதலாக இருக்கட்டும்.