மாத வருமானம் என்ன என்று கேட்காதீர்கள், எத்தனை பேர் விழுந்தது என்று கேளுங்கள்

கேள்வி: இறுதியாண்டு ஆய்வுக்காக 2025 இல் இலங்கையின் ஹட்டன் பக்கம் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 60 குடும்பங்களிடம் தகவல் எடுத்தேன். மாத வருமானம் கேட்டால் பலருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதனால் அப்போதைய அடிப்படை நாள் சம்பளமான 1,350 ரூபாவை 25 நாளால் பெருக்கி, ஒரு தொழிலாளிக்கு 33,750 என்று போட்டேன். மேற்பார்வையாளர் ஏற்கவில்லை. அப்புறம், தோட்டத்துறை வறுமை 2016 இல் 8.8 சதவீதம், 2019 இல் 33.8 சதவீதம். மூன்று வருடத்தில் நாலு மடங்கு ஆனது என்று எழுதலாமா?

பதில்: இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். அப்படி எழுதக் கூடாது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019 ஆய்வில் வறுமைக் கோட்டையே மாற்றியது. 2002 ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய கோட்டை விட்டு, 2012/13 ஐ அடிப்படையாக வைத்தது. அளவுகோல் மாறிய பிறகு இரண்டு அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. ஒரே வருடத்துக்குள் ஒப்பிடுங்கள்: 2019 இல் நகரம் 6, கிராமம் 15, தோட்டம் 33.8 சதவீதம். இதுவே போதுமான அளவு கனமான செய்தி.

இனி வருமானம். உங்கள் மேற்பார்வையாளர் சொன்னது சரி. ஒரு நாள் வேலைக்கு முழுச் சம்பளம் பதிவாவதைத் தோட்டத்தில் "பேர் விழுவது" என்பார்கள். 25 நாளும் முழுப் பேர் விழும் என்று எடுத்துக்கொண்டீர்கள், அங்கேதான் பிழை. சொன்ன கிலோ கொழுந்து சேராவிட்டால் அரைப் பேர்தான், அதாவது பாதிச் சம்பளம்தான். அந்த கிலோ அளவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் காய்ந்தால் கொழுந்தும் குறையும், வேலை நாளும் குறையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 முழுப் பேர், 4 அரைப் பேர் என்றால் மொத்தம் 18 பேர், 24,300 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 1,944 ரூபா போனால் 22,356. இதிலிருந்து தீபாவளி முற்பணம், சங்கச் சந்தா எல்லாம் கழியும். உங்கள் 33,750 எங்கே, இது எங்கே!

பொகவந்தலாவையில் ஒரு வீட்டில் வருமானத்தைக் கேட்டபோது அந்த அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த சம்பளத் துண்டுகளை எடுத்து என் கையில் கொடுத்தார். வாயால் சொன்னதுக்கும் துண்டில் இருந்ததுக்கும் நிறைய வித்தியாசம். அவர் மறைக்கவில்லை. மாதாமாதம் கைக்கு வருவது மாறிக்கொண்டே இருந்தால் யாரால்தான் ஒரே எண்ணைச் சொல்ல முடியும்? அன்றிலிருந்து நான் கேட்பது இதுதான்: போன மாதம் எத்தனை பேர், அதில் அரைப் பேர் எத்தனை, கைக்கு எவ்வளவு வந்தது? முடிந்தால் கொழுந்து கூடிய மாதம் ஒன்று, காய்ந்த மாதம் ஒன்று என இரண்டு துண்டுகளைப் பாருங்கள். கொழும்பில் கடையிலோ வீட்டிலோ வேலை செய்யும் பிள்ளை அனுப்பும் காசைத் தனியாகக் கேளுங்கள். "சம்பளம்" என்றால் அது யாருக்கும் நினைவுக்கு வராது.

இன்னொன்று, நம் நாட்டின் வறுமைக் கோடு வருமானத்தைப் பார்ப்பதில்லை, ஆளுக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்பதைப் பார்க்கிறது. அதனால் வருமானத்தை வைத்து மட்டும் "இந்தக் குடும்பம் ஏழை" என்று எழுதாதீர்கள். கோதுமை மா, அரிசி, பருப்பு என்று போன வாரம் வாங்கியதைக் கேளுங்கள். கடைக்காரரின் கடன் கொப்பியை வீட்டார் சம்மதத்தோடு பார்த்தால் விடை தெளிவாகும். வீட்டுத் தோட்டத்து மரக்கறிக்கும் ஊர் விலையில் ஒரு மதிப்புப் போடுங்கள். மாவட்ட வாரியான வறுமைக் கோட்டைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாதாமாதம் வெளியிடுகிறது. நீங்கள் தகவல் எடுத்த மாதத்துக்கான நுவரெலியா மாவட்டக் கோட்டையே எடுங்கள், நாடு முழுவதற்குமான 2019 இன் 6,966 ரூபாவை அல்ல.

60 குடும்பங்களிடமும் திரும்பப் போக நேரம் இல்லையென்றால் 15 வீட்டுக்காவது போங்கள். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்லது, துண்டு கையில் இருக்கும்.